உங்க ரெப்போல எத்தனை பேர் இருக்காங்க?

இந்த முறை ஒரு சின்ன பரிசோதனையோட ஆரம்பிக்கலாம். உங்க கிளப்போ டிபார்ட்மெண்ட்டோ நடத்துற ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்டோட ரெப்போவைத் திறங்க. டெர்மினல்ல ‘கிட் ஷார்ட்லாக்’னு அடிச்சு, பக்கத்துல ஒரு மைனஸ் போட்டு எஸ், என் ரெண்டு எழுத்தையும் சேர்த்து என்டர் தட்டுங்க. யார் எத்தனை கமிட் போட்டிருக்காங்கன்னு ஒரு பட்டியல் வரும்.

எங்க காலேஜ் பஸ் ஆப்போட ரெப்போல போன மாசம் இதைச் செஞ்சு பார்த்தேன். 412 கமிட். மூணே பேர். மூணு பேருமே ஃபைனல் இயர். மே மாசம் பெட்டியைக் கட்டிட்டு கிளம்பிடுவோம். ஜூன்ல ரூட் மாறும், டைமிங் மாறும், திருத்த ஆள் இருக்காது. 6.40க்கு பஸ்னு ஆப்பை நம்பி ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் ரோட்டோரம் நின்னுட்டிருப்பான். பஸ் 6.25க்கே போயிருக்கும்.

“யாருமே கான்ட்ரிப்யூட் பண்ண வர மாட்டேங்கிறாங்கடா.” இதைத்தான் நாங்க மூணு பேரும் ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தோம். அது உண்மை இல்ல. ஒருத்தங்க வந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்.

அப்போ நான் செகண்ட் இயர், அவங்க ஃபர்ஸ்ட் இயர். பெருங்களத்தூர் ஸ்டாப்போட நேரம் ஆப்ல தப்பா இருந்தது. அவங்க தினமும் ஏறுற ஸ்டாப் அது. ரூட் விவரம் இருக்கிற ஃபைலைத் தேடிக் கண்டுபிடிச்சு, நேரத்தை மாத்தி, ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தாங்க. (மெக், சிவில் நண்பர்களுக்காக: புல் ரிக்வெஸ்ட்னா, ‘நான் இந்த மாற்றத்தைச் செஞ்சிருக்கேன், பார்த்துட்டு சேர்த்துக்கோங்க’னு ப்ராஜெக்ட்காரங்களுக்குப் போடுற விண்ணப்பம்.) நான் திறந்து பார்த்தா ஒரு வரி இல்ல, 212 வரி சிவப்பும் பச்சையுமா மாறிக் கிடக்கு. அவங்க எடிட்டர் சேவ் பண்ணும்போது ஃபைல் முழுக்க ஸ்பேஸை ஒழுங்குபடுத்தி வச்சிருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்கு லேப் ரெக்கார்ட் பாக்கி. ‘தேவையில்லாத மாற்றங்கள். நானே சரி பண்ணிட்டேன்’னு இங்கிலீஷ்ல ஒரு வரி தட்டிட்டு மூடினேன். அந்த ஒரு வரியை நானே மாத்தி கமிட் போட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷம்.

போன மாசம் அந்தப் பட்டியலைப் பார்த்த அப்புறம் அவங்ககிட்ட போய்ப் பேசினேன். “அந்த ஃபைல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சுண்ணா” என்றார். கோபமாகக்கூட சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

இப்போ யோசிச்சா, தப்பு யாரோடது? எந்த ஃபார்மேட்ல எழுதணும்னு எடிட்டருக்குச் சொல்ற ‘எடிட்டர்கான்ஃபிக்’ ஃபைல் எங்க ரெப்போல இல்ல. வச்சிருந்தா அவங்க எடிட்டர் அதைப் பார்த்து நடந்திருக்கும். பத்து வரிகூட வராத ஒரு ஃபைல். புதுசா வர்றவங்க செய்யற தப்புல பாதி, நாம எழுதி வைக்காம விட்டது. அவங்க தடுக்கி விழுந்த இடத்துல ஒரு பள்ளம் இருக்கு, அதைத் தோண்டினது நாம.

இந்தக் கட்டுரை அந்தப் பள்ளங்களை மூடுறதைப் பத்தி. ஜூனியர்களுக்கான பாடம் இல்ல இது. ‘ஓப்பன் சோர்ஸ்ல எப்படி நுழையறது’னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. உள்ள இருக்கிறவங்க கதவை எப்படித் திறந்து வைக்கறதுன்னு சொல்லத்தான் ஆள் கம்மி. நீங்க ஒரு ப்ராஜெக்ட்ல ஒரு செமஸ்டர் முன்னாடி சேர்ந்திருந்தாலே போதும், இது உங்களுக்கான பாடம்.

கோட் அப்புறம், முதல்ல ஓடணும்

புதுசா வர்ற ஒருத்தர் மாட்டிக்கிற முதல் இடம் அல்காரிதம் இல்ல. ப்ராஜெக்ட் அவங்க லேப்டாப்ல ஓடாது. அவ்வளவுதான். ரீட்மில ‘இன்ஸ்டால் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க’னு ரெண்டு வரி இருக்கும். எழுதினவர் மெஷின்ல ஏற்கெனவே எல்லாம் இருந்ததால அவருக்கு அது ரெண்டு வரி. மத்தவங்களுக்கு அது ஒரு சனிக்கிழமை.

இதைச் சோதிக்க ஒரே வழிதான் இருக்கு. அந்த ப்ராஜெக்ட்டைப் பார்த்தே இராத ஒரு நண்பரோட லேப்டாப்பை வாங்கி, அவரையே உட்கார வச்சு, ரீட்மியை மட்டும் பார்த்து ஓட வைக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உட்காருங்க, வாயைத் திறக்காதீங்க. இது கஷ்டம். நாக்கு துடிக்கும். அவர் எங்க நிக்கிறார்னு மட்டும் ஒரு தாள்ல குறிச்சுக்கோங்க.

நாங்க செஞ்சப்போ ஆப் ஓட 1 மணி 50 நிமிஷம் ஆச்சு. நோட் வெர்ஷன் எதுன்னு எங்கயும் சொல்லல. ரகசிய கீ எல்லாம் வைக்கிற ‘என்வ்’ ஃபைலுக்கு மாதிரி எதுவும் இல்ல, அது எங்க மூணு பேர் வாட்ஸ்அப்ல மட்டும் இருந்தது. விண்டோஸ்ல ஒரு ஸ்கிரிப்ட் வேலையே செய்யல, ஏன்னா நாங்க மூணு பேரும் உபுண்டு. அந்தத் தாளைப் பார்த்து ரீட்மியைத் திருத்தின பிறகு இன்னொரு நண்பருக்கு 20 நிமிஷம் ஆச்சு. புது ஃபீச்சர் எதுவும் சேர்க்காம அந்த செமஸ்டர்ல நாங்க செஞ்ச உருப்படியான வேலை அதுதான்னு நினைக்கிறேன்.

அப்படியே ‘கான்ட்ரிப்யூட்டிங்’னு ஒரு ஃபைலும் வச்சிடுங்க. அது இருந்தா, ஒருத்தர் இஷ்யூவோ புல் ரிக்வெஸ்ட்டோ திறக்கும்போது கிட்ஹப்பே அதுக்கான லிங்க்கைக் காட்டும். பெரிய சட்டப் புத்தகம் வேண்டாம். பிராஞ்ச் பேர் எப்படி வைக்கணும், டெஸ்ட் எப்படி ஓட்டணும், சந்தேகம்னா யாரைக் கேட்கணும், பதில் எப்போ வரும். இது போதும்.

சின்ன வேலையைத் தொடாதீங்க

இதுதான் இந்தக் கட்டுரையிலயே கஷ்டமான பகுதி, எனக்கு.

கிட்ஹப்ல புது ரெப்போ தொடங்கினாலே ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ங்கிற லேபிள் தயாரா வந்துடும். புதியவங்க எடுத்துச் செய்யக்கூடிய வேலைன்னு அடையாளம் காட்டத்தான் அது. ரெப்போ முகவரிக்குப் பின்னாடி ‘கான்ட்ரிப்யூட்’னு சேர்த்துத் திறந்தா, அந்த லேபிள் போட்ட வேலையெல்லாம் ஒரே பக்கத்துல வரும். ஆனா லேபிள் ஒட்டறதால மட்டும் ஒரு வேலை சுலபமாகிடாது. நாங்க முதல்ல எழுதின இஷ்யூ இப்படி இருந்தது: ‘சர்ச் சரியா வேலை செய்யல. ஃபிக்ஸ் பண்ணணும்.’ இதைப் படிச்சு யார் என்ன செய்ய முடியும்? எங்களுக்குள்ள பேசிக்கிறதுக்கு அது போதும். வெளியாளுக்கு அது விடுகதை.

அதையே இப்படித் திருத்தி எழுதினோம்: ‘ஸ்டாப் பேருக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டுத் தேடினா ரிசல்ட் வரதில்ல. தாம்பரம்னு அடிச்சா வரும், ஸ்பேஸ் விட்டு தாம்பரம்னு அடிச்சா வராது. சர்ச் ஃபைல்ல தேடுற ஃபங்ஷனைப் பாருங்க, வர்ற வார்த்தையோட ரெண்டு ஓரத்து ஸ்பேஸையும் நீக்கினா போதும். செஞ்ச பிறகு இந்த ரெண்டு வார்த்தையையும் தேடிப் பாருங்க, ஒரே ரிசல்ட் வரணும். சந்தேகம்னா இங்கயே கேளுங்க.’ இதை எழுத எனக்கு 15 நிமிஷம். நானே சரி பண்ணியிருந்தா ஒரு நிமிஷம். கணக்குப் பார்த்தா நஷ்டம்தான். ஆனா அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சுப் பிடிச்சுத்தான் ரெண்டு வருஷத்துல மூணே பேரா நின்னோம்.

பெரிய ப்ராஜெக்ட்கள் இதைத் திட்டமிட்டே செய்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லாவில், புதியவர்களுக்கான பக்கில் ‘குட் ஃபர்ஸ்ட் பக்’ என்ற அடையாளத்தோடு, வழிகாட்டப் போகிறவர் யார் என்பதையும் குறித்து வைக்கிறார்கள். வேலையோடு ஒரு ஆளும் சேர்ந்தே வருகிறார். லினக்ஸ் கெர்னலில் டிரைவர்ஸ் பகுதிக்குள் ‘ஸ்டேஜிங்’ என்று ஒரு இடம் இருக்கிறது. இன்னும் கெர்னலின் தரத்துக்கு வராத கோட் அங்கே கிடக்கும். கெர்னலின் மற்ற பகுதிகளில் வெறும் ஸ்பேஸ், இண்டென்ட் திருத்தி பேட்ச் அனுப்பினால் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். ஸ்டேஜிங்கில் அதையும் ஏற்றுக்கொள்வார்கள். ‘செக்பேட்ச்’ என்ற ஸ்கிரிப்டை ஓட்டினால் எந்த வரியில் குறை என்று அதுவே சொல்லிவிடும். ஒரு வரியைச் சீர்செய்து, முறையாக விளக்கம் எழுதி, சரியான ஆட்களுக்கு மெயிலில் அனுப்பி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தி மறுபடி அனுப்பினால் வேலை முடிந்தது. கோட் சின்னது, ஆனால் நடைமுறை முழுசும் பழகிவிடும். உலகத்துல இவ்வளவு பேர் நம்பியிருக்கிற ஒரு மென்பொருள்ல, கத்துக்கறதுக்குன்னு ஒரு மூலையை ஒதுக்க முடியுதுன்னா, நம்ம பஸ் ஆப்ல முடியாதா?

ஒரு எச்சரிக்கை. வேலையை ‘நான் எடுத்துக்கறேன்’னு சொல்லிட்டு ஆள் காணாமப் போறது சகஜம். இன்டர்னல்ஸ் வரும், ஊருக்குப் போவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ‘இன்னும் பார்க்கறீங்களா? இல்லைன்னா பரவாயில்ல, வேற யாராவது எடுக்கட்டும்’னு கேளுங்க. அதைத் திட்டாம கேட்க முடியும்.

பதில் சொல்ற விதம்

முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினவங்க அன்னிக்கு ராத்திரி எத்தனை தடவை நோட்டிஃபிகேஷன் பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி. ஒரு நாளுக்குள்ள ஏதாவது பதில் போடுங்க. முழு ரிவ்யூ வேண்டாம், ‘பார்த்துட்டேன், ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்’ போதும். மூணு வாரம் மௌனமா இருந்துட்டு பதினாலு குறையை ஒரே மூச்சுல எழுதறதை விட இது எவ்வளவோ மேல்.

குறை இருந்தா சொல்லணும். இங்க ஒரு குழப்பம் இருக்கு. அன்பா இருக்கணும்னா எல்லாத்தையும் மெர்ஜ் பண்ணணும்னு சிலர் நினைக்கிறாங்க. தரம் முக்கியம்னா கடிச்சுத் துப்பணும்னு வேற சிலர். ரெண்டும் இல்ல. கறார் கோட் மேல இருக்கலாம், ஆள் மேல வேண்டாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையான மெயில்களுக்குப் பேர் போனவர். 2018 செப்டம்பரில் அவரே அதற்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்து, பிறகு திரும்பினார். கெர்னல் சமூகம் அப்போதுதான் ஒரு புதிய நடத்தை விதியையும் ஏற்றுக்கொண்டது. அதே 2018 ஏப்ரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும், தங்கள் தளம் புதியவர்களை நன்றாக வரவேற்பதில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதன்பின் புதிதாகக் கேள்வி கேட்பவர் பெயர் பக்கத்தில் ‘புதியவர்’ என்று காட்ட ஆரம்பித்தார்கள், பதில் சொல்பவர் கொஞ்சம் பொறுமையாக இருக்கட்டும் என்று. 2008ல் தொடங்கிய தளத்துக்கு இது உறைக்கப் பத்து வருஷம் ஆச்சு. எனக்கு ரெண்டு வருஷம்தான், அந்த வகைல பரவாயில்ல.

அன்னிக்கு அந்த 212 வரிக்கு நான் என்ன எழுதியிருக்கணும்? இப்போ எழுதிப் பார்க்கிறேன். ‘நேரத்தைக் கண்டுபிடிச்சுத் திருத்தினதுக்கு நன்றி, 6.25தான் சரி. உங்க எடிட்டர் ஸ்பேஸையும் மாத்தியிருக்கு, அதுக்கு எங்க ரெப்போல செட்டிங் இல்லாததுதான் காரணம், இப்போ சேர்த்துட்டேன். எங்க மாற்றத்தை இழுத்துக்கிட்டு, அந்த ஒரு வரி மட்டும் மாறுற மாதிரி மறுபடி அனுப்ப முடியுமா? முடியலைன்னா சொல்லுங்க, நாளைக்கு லஞ்ச்ல சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.’ ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்கேன், கவனிங்க. கமிட் மெசேஜ் சரியில்ல, பிராஞ்ச் பேர் சரியில்ல, எல்லாம் அடுத்த தடவை.

முக்கியமா, கீபோர்டைப் பிடுங்காதீங்க. கிட்ஹப் ரிவ்யூல ‘சஜஷன்’ வசதி இருக்கு. நீங்க மாற்றத்தை எழுதிக் காட்டலாம், ஏத்துக்கிட்டு கமிட் பண்றது அவங்க. நேரமில்லாம நீங்களே முடிச்சாலும், கமிட் மெசேஜ் கடைசில ‘கோ ஆத்தர்ட் பை’னு ஒரு வரில அவங்க பேரையும் மெயிலையும் போட்டா, கிட்ஹப் ரெண்டு பேரையும் எழுதினவங்களாகக் காட்டும். நான் அன்னிக்கு அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தாகூட, கிட்ஹப்ல அந்த கமிட் பக்கத்துல நாலாவது பேர் இருந்திருக்கும்.

பேர் வேற, வேலை வேற

பேர் வரணும்னு சொல்லிட்டேன். பேருக்காக மட்டும் வந்தா என்ன ஆகும்னும் சொல்லணும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014லிருந்து அக்டோபர் மாதங்களில் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ நடத்துகிறது. 2020ல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டிஷர்ட். முதல் நாளே ப்ராஜெக்ட்களில் குப்பை கொட்ட ஆரம்பித்தது. ரீட்மியில் ‘அமேசிங் ப்ராஜெக்ட்’ என்று ரெண்டு வார்த்தை சேர்த்து அனுப்புவது, ஒரு கமாவை நகர்த்துவது. இதில் நம்ம நாட்டு மாணவர்கள் பெயர் நிறையவே அடிபட்டது. சம்பளமில்லாமல் ப்ராஜெக்ட் நடத்துகிறவர்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இதை மூடிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள்.

அந்தப் பசங்களை நான் திட்டப் போறதில்ல. ரெஸ்யூமேல ஒரு வரி வேணும், பிளேஸ்மெண்ட் பயம், யாரோ ஒரு வீடியோல இப்படிச் செய்யச் சொன்னாங்க. நிஜமான ஒரு சின்ன வேலையை யாராவது கையைப் பிடிச்சுக் காட்டியிருந்தா அவங்கள்ல பலர் அதையே செஞ்சிருப்பாங்க. இப்போ அதுக்குப் பதில் ஏஐ எழுதின கோட் வருது. கர்ல் ப்ராஜெக்ட்டை நடத்துற டேனியல் ஸ்டென்பர்க், ஏஐ எழுதின போலி பாதுகாப்புப் புகார்களைப் படிச்சே நேரம் போகுதுன்னு வெளிப்படையாப் புலம்பியிருக்கார். ஏஐ பயன்படுத்தாதேன்னு நாங்க தடை போடல. நாங்களும் பயன்படுத்தறோம், பொய் எதுக்கு. ‘இந்த வரி எதுக்கு?’னு ஒரே ஒரு கேள்வி கேட்போம். தெரிஞ்சா நல்லது. தெரியலைன்னா அங்கதான் பாடம் ஆரம்பிக்குது.

திறந்த கதவுன்னா சாவியையும் சேர்த்துக் கொடுக்கறதுன்னு அர்த்தமில்ல. 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் ஞாபகம் இருக்கா? லினக்ஸ் சிஸ்டங்கள் பலவற்றில் இருக்கும் ஒரு கம்ப்ரெஷன் கருவி. அதை நடத்தியவர் ஏறக்குறைய தனி ஆள், களைத்துப் போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ரெண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக உதவி, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பை வாங்கி, உள்ளே ஒரு பின்வாசலை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் லாகின் ஏன் அரை செகண்ட் அதிகம் எடுக்கிறது என்று நோண்டப் போய்த்தான் அது வெளியே வந்தது. இதைப் பார்த்து யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு முடிவெடுத்தா, அந்தத் தனி ஆள் நிலைமைக்குத்தான் போய்ச் சேருவோம். எங்க விதி சாதாரணமானது. யார் அனுப்பினாலும், எங்க மூணு பேர்ல ஒருத்தர் அனுப்பினாலும், இன்னொருத்தர் படிக்காம மெர்ஜ் ஆகாது.

கடைசியா ஒண்ணு. நான் எல்கேஜிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். இஷ்யூவை இங்கிலீஷ்ல எழுதறது எனக்கு ஒரு விஷயமே இல்ல, அதனால அது மத்தவங்களுக்கு ஒரு சுவர்னு தோணவே இல்ல. போன மாசம் கான்ட்ரிப்யூட்டிங் ஃபைல்ல ஒரு வரி சேர்த்தோம்: ‘தமிழ்ல கேட்கலாம், தங்கிலீஷ்ல கேட்கலாம், கிராமர் யாரும் பார்க்க மாட்டோம்.’ மூணாவது நாள் தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி எழுதினான்: ‘அண்ணா, தமிழ்ல வச்சா பெருங்களத்தூர் பாதில வெட்டுது.’

நாங்க மூணு பேரும் ஆப்பைத் தமிழ்ல வச்சுப் பார்த்ததே கிடையாது. ஸ்டாப் பேரு பத்து எழுத்துக்கு மேல போனா வெட்டச் சொல்லி எங்க பைத்தான் ஸ்கிரிப்ட்ல நான்தான் எழுதியிருந்தேன். பெருங்களத்தூருக்கு எட்டு எழுத்துதான், வெட்டவே கூடாது. ஆனா பைத்தான் கணக்குல அது 14. கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் யூனிகோட் தனித்தனியா எண்ணும். ‘தமிழ்’னு அடிச்சு நீளம் கேட்டாலே பைத்தான் 5னு சொல்லும். ‘ஓப்பன்-தமிழ்’னு ஒரு லைப்ரரி இருக்கு, அது எழுத்தாப் பிரிச்சு 3னு சரியாச் சொல்லும். அதைத் தேடிக் கண்டுபிடிச்சதும் அந்தத் தம்பிதான். ரெண்டு தடவை திருத்தச் சொன்னேன். ரெண்டு தடவையும் திருத்தி அனுப்பினான். அவன் கமிட் 413.

பஸ் நேரத்தைத் திருத்தின அந்த ஜூனியரையும் கூப்பிட்டேன். இப்போ தேர்ட் இயர், ரோபாட்டிக்ஸ் கிளப்ல பிஸி. “பாக்கறேண்ணா” என்றார். இன்னும் வரல.

எங்க ரெப்போல இப்போ நாலு இஷ்யூ திறந்திருக்கு. அதுல ஒண்ணு சனிக்கிழமை டைம்டேபிள் பத்தினது, ஒரே ஒரு கண்டிஷன் தப்பா இருக்கு, எந்த ஃபைல்னுகூட எழுதி வச்சிருக்கேன். ஒன்பது நாளா அப்படியே கிடக்கு. தினமும் காலைல பார்க்கிறேன், கை அரிக்குது. நான் தொட மாட்டேன்.